கடைசி ஆள் விழுங்கும் வரை

நம் தமிழ்ச் சங்கத்தின் வரலாற்றை ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி நீங்கள் கேட்டதும், எனக்குத் தெரிந்த வழியில்தான் ஆரம்பித்தேன். தலைவர்களின் பட்டியல், செயலாளர்களின் பட்டியல், வாடகைக்கு இருந்த இடங்கள், செய்த சேவைகள். நாள் முழுக்க மென்பொருளில் பிழை தேடும் வேலை பார்ப்பவள் வேறு எப்படி எழுதுவாள்? ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. திரும்பப் படித்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. அதுதான் உறுத்தியது. நம் சங்கத்தில் யாரும் இன்றுவரை மீறாத ஒரே வழக்கம் ஒரு பிழையிலிருந்து வந்தது. அது என் பட்டியலில் எங்கேயும் இல்லை.

போன வருடம் மீன் மருந்து நாளில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, நம்ம வாலண்டியர்ஸ் யாருமே ஏன் சாப்பிட மாட்டேங்கறாங்க? ஏதாவது விரதமா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற அவள் கணவர், "சுத்தத்துக்காக இருக்கும்" என்றார். வரிசை நீண்டுகொண்டே இருந்ததால் நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். இது அவளுக்கான பதில். உங்களுக்கும்தான். உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு அங்கே இருந்தீர்கள். ஆனால் சின்னப் பிள்ளைகள். பசி மட்டும்தான் நினைவிருக்கும்.

மலர் வெளியூருக்கும் போகும் என்பதால் ஒரு விளக்கம். இங்கே ஜூன் தொடக்கத்தில், மழை பிடிக்கிற மிருகசீரிடத்தன்று, ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒரு குடும்பத்தார் இலவசமாக மருந்து கொடுக்கிறார்கள். விரல் நீள விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் பசையை வைத்து, மீனை உயிரோடு விழுங்கச் செய்வார்கள். சைவக்காரர்களுக்கு வெல்லத்தில் வைத்துத் தருவதும் உண்டு. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஜனங்கள் வந்து நாம்பள்ளி மைதானத்தில் வரிசை கட்டுவார்கள். அது குணப்படுத்துகிறதா என்றால், டாக்டர்கள் இல்லை என்கிறார்கள். நானும் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. ஆனால் வரிசையில் நிற்கிறவருக்குத் தண்ணீர் கொடுக்க அந்தக் கேள்விக்கு விடை தேவைப்படவில்லை.

அந்தப் பிழை நடந்த வருடம் ஏப்ரலில்தான் நாங்கள் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தோம். நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்பாவுக்கு ஹைடெக் சிட்டியில் புது வேலை. கொண்டாப்பூர் அப்போது பாறைகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக அடுக்குமாடிகள் முளைத்திருந்த இடம். எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் பெரிய உருண்டைப் பாறைகள் தெரியும். காலையில் ஒரு தண்ணீர் லாரி வரும். அதன் பிறகு சாயங்காலம் வரை ஜல்லி அரைக்கும் சத்தம்.

அப்பா கிளம்பியதிலிருந்து திரும்பி வரும் வரை அம்மா என்னோடு மட்டும்தான் பேசுவாள். காய்கறிக்காரியிடம் விரலால் காட்டி வாங்குவாள். அவள் ஏதாவது திருப்பிக் கேட்டால், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள். ஊரிலிருந்து ஒரு பிஸ்கட் டின் நிறையக் கருவாடு கொண்டுவந்திருந்தாள். முதல் தடவை வறுத்த அன்றே கீழ்வீட்டுக்காரர்கள் வாட்ச்மேனை அனுப்பினார்கள். அவர் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக் காட்டினார். மொழி தெரியாத அம்மாவுக்கு அது நன்றாகவே புரிந்தது. டின்னை மூடி, மேலே துணி கட்டி, பரணில் போட்டாள்.

மே மாத நடுவில் ஒரு நாள் அப்பாவிடம் சொன்னாள். "இந்தா பாருங்க, ஸ்கூல் தொறக்கதுக்குள்ள நானும் பிள்ளையும் ஊருக்குப் போயிருதோம். அவ அங்கனயே படிக்கட்டும். நீங்க லீவுக்கு லீவு வாங்க."

அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மறுநாளே போய் முன்பதிவு செய்துகொண்டு வந்தார். செகந்திராபாத்திலிருந்து சென்னைக்கு இரண்டு படுக்கை. அங்கிருந்து தூத்துக்குடி வண்டியில் இரண்டு படுக்கை. அம்மா அந்த டிக்கெட்டுகளை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். தினமும் ஜெபம் சொல்லும்போது என் கண் மாதா முகத்தில் நிற்காது. படத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த அந்தத் தாள் ஓரத்தில்தான் நிற்கும். ஏனென்றால் எனக்குப் போகப் பிடிக்கவில்லை. காரணம் நீங்கள்.

உங்களை நாங்கள் கண்டுபிடித்தது செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த தமிழ்ப் பத்திரிகைக் கடையில். அம்மா கொஞ்சம் சிரிக்கட்டும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா எங்களை அந்தக் கடைக்குக் கூட்டிப் போனார். வாரப் பத்திரிகைகளுக்கு நடுவே கையால் எழுதிய ஒரு அட்டை தொங்கியது. ஞாயிறுதோறும் சங்கக் கூட்டம், குடும்பத்தோடு வரவும். எழுத்து கோணல் மாணலாக இருந்தது. அம்மா அதைப் பார்த்து, "யாருங்க எழுதுனது, கோழி நடந்த மாதிரி இருக்கு" என்றாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் தானாகச் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது.

எழுதியவர் சங்கத் தலைவர். ரயில்வேயில் டி.டி.ஆராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத் கன்டோன்மென்டுக்கு வந்த குடும்பம். அவர் தமிழ் பேசுவார், ஆனால் நடுநடுவே ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று இந்த ஊர்ச் சொற்கள் புகுந்துவிடும். தமிழ் எழுதுவது மட்டும் அவருக்குச் சரியாக வராது. சட்டைப் பையில் டிக்கெட்டில் ஓட்டை போடும் இடுக்கி எப்போதும் இருக்கும். வேலையை விட்ட பிறகும் அதை விடவில்லை. சங்கத்தில் நடக்கும் ஞாயிறு வகுப்புக்கு ஒழுங்காக வரும் பிள்ளைகளுக்குப் பழைய திருமண அழைப்பிதழை வெட்டி பாஸ் செய்து கொடுப்பார். வந்தால் ஒரு ஓட்டை. அந்தச் சத்தத்துக்காகவே நாம் போனோம் என்று நினைக்கிறேன்.

சங்க அறை ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. படிக்கட்டில் ரப்பர் ஒட்டும் பசையின் வாசனை. அறைக்குள் இரும்பு பீரோ ஒன்று, பெஞ்சுகள் இரண்டு, பொங்கலுக்கு மட்டும் வெளியே வரும் பெரிய அண்டாக்கள், சிவப்புக் காய் தொலைந்துபோன கேரம் போர்டு. சிவப்புக் காய்க்குப் பதில் யாரோ ஸ்வெட்டரிலிருந்து பிய்த்த ஒரு பெரிய பொத்தான். அந்தப் பொத்தான் இப்போது எங்கே என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?

முதல் நாள் தலைவரின் பேத்தி என் எதிரே வந்து நின்று, "தும் லோகாங் நயே ஆயே க்யா?" என்றாள். புதிதாக வந்தவர்களா என்று கேட்கிறாள் என்பது புரியாமல் நான் விழித்தேன். அவள், "தமிழ் அர்த்தமாவுது. பேசறது ராது" என்று, புரியும் ஆனால் பேச வராது என்பதைத் தெலுங்கு கலந்து சொல்லி, ஸ்ட்ரைக்கரை என் கையில் வைத்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்த மொழியும் தேவைப்படவில்லை. இதைப் படிக்கும்போது அவள் மறுப்பாள், தனக்கு அப்போதே தமிழ் பேசத் தெரியும் என்பாள். நம்பாதீர்கள்.

எனக்கு நீங்கள் கிடைத்துவிட்டீர்கள். அம்மாவுக்கு யாரும் கிடைக்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "தூத்துக்குடி மேடம் ரொம்ப அழுத்தம்" என்று செயலாளர் ஆன்ட்டி சொன்னது என் காதில் விழுந்தது. செயலாளர் ஆன்ட்டி வங்கி அதிகாரி. குரலும் கரண்டியும் ஒருசேர ஓங்கியே இருக்கும். அம்மாவோ, இவர்கள் எல்லாம் தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், தனக்கு இங்கே என்ன வேலை என்று வீட்டில் சொல்வாள்.

அந்த வருடம்தான் மைதானத்தில் பந்தல் போடலாம் என்ற பேச்சு எழுந்தது. அதுவரை சங்கம் பொங்கல் வைத்தது, தீபாவளிக்கு இனிப்பு கொடுத்தது, ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தது. அவ்வளவுதான்.

"நம்ம ஆளுங்க ராத்திரி பூரா ரயில்ல வந்து எறங்குறாங்க" என்றார் தலைவர் மாமா. "பாஷை தெரியாது. மீன் எங்க விக்கிறான், எந்த வரிசையில நிக்கணும், ஒண்ணும் தெரியாது. தமிழ்ல சொல்ல ஒரு ஆள் வேணும்ல?"

"சொல்றது அப்புறம்" என்றார் செயலாளர் ஆன்ட்டி. "முதல்ல சாப்பாடு. பசியோட வெயில்ல நின்னா மயக்கம் போட்டு விழுந்துடுவா. புளியோதரை, தயிர்சாதம். வரவாளை உக்கார வச்சுப் போட்டுட்டுத்தான் வரிசைக்கே அனுப்பணும்."

அப்பா தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். "மருந்து எடுக்கறதுக்கு ஏதாவது விதிமுறை இருக்கா சார்? விசாரிச்சுக்கலாமா?"

"அரே, நாங்க மூணு தலைமுறையா இங்க இருக்கோம் தம்பி" என்று தலைவர் மாமா சிரித்தார். "இந்த ஊர்ல எங்களுக்குத் தெரியாததா?"

இப்போது யோசித்தால் அதுதான் புரிகிறது. மூன்று தலைமுறையில் அந்த அறையில் இருந்த ஒருவர்கூட அந்த மருந்தை விழுங்கியதில்லை. அந்த வரிசையைத் தூரத்திலிருந்து பார்த்தபடியே வளர்ந்தவர்கள். புதிதாக வந்தவனாக இருந்தால் வெட்கப்படாமல் யாரையாவது கேட்டிருப்பான். அவர்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பிறகு பலகை எழுத ஆள் தேடினார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வராது. தலைவரின் எழுத்து கோழி நடந்தது. அப்பா ஆபீஸில் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்த அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து போட்டார். செயலாளர் ஆன்ட்டி பெஞ்சின் ஓரத்தைப் பார்த்து, "நீங்க எழுதுவேளா?" என்றார். அம்மா கைப்பையைக் கீழே வைத்தாள். தரையில் மண்டியிட்டு, பெயின்டில் பிரஷைத் தொட்டு, ஒரே மூச்சில் எழுதினாள்: தமிழில் கேளுங்கள். ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அளவு. ழகரத்தின் வால் மட்டும் கொஞ்சம் செல்லமாக வளைந்திருக்கும். "இவ்வளவு நாளா எங்கம்மா ஒளிஞ்சிட்டிருந்தே?" என்றார் தலைவர் மாமா.

நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் டிக்கெட் படத்துக்குப் பின்னால் அப்படியே இருந்தது. மீன் மருந்துக்கு மறுநாள் சாயங்காலம் வண்டி.

அன்று காலை வானம் மூடியிருந்தது. மைதான வாசலில் மீன் கவுன்டரின் ஈர வாடை, நசுங்கிய மல்லிகை, ஆயிரம் செருப்புகள் கிளப்பிய புழுதி. தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பைகளில் மீன் குஞ்சுகள் வளைந்து வளைந்து திரும்பிக்கொண்டிருந்தன. ஜனங்கள் அந்தப் பைகளைத் தீபம் ஏந்துவதுபோல் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து நடந்தார்கள். அம்புக்குறி போட்ட அட்டைகளோடு நாம் ஓடினோம். "ஏய், தமிழ்ல எழுதியிருக்குடோய்!" என்று ஒருவர் கத்தியதும் பின்னாலேயே ஒரு கூட்டம் பந்தலுக்குள் வந்தது.

அதில் ஒரு அம்மாவும் மகளும். மகளுக்கு என் வயதுதான் இருக்கும். ஜூன் மாதத்தில் கம்பளி ஸ்வெட்டர். மூச்சு விடும்போது உள்ளே எங்கோ கதவு திறந்து மூடுவது போலக் கீச்சென்று ஒரு ஒலி.

"எந்த ஊரு?" என்றாள் அம்மா, இலை போட்டபடி.

"கோவில்பட்டிக்கா. தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாக்கேன்."

அம்மாவின் கை நின்றது. "அடியாத்தே, நம்ம பக்கமா! நான் தூத்துக்குடிலா."

"அப்படியாக்கா? இங்க வந்து நம்ம பேச்சக் கேப்பேன்னு நெனைக்கவே இல்ல."

"நான் மட்டும் நெனச்சேனா? உக்காரு, உக்காரு. பிள்ளைய இப்படி உக்கார வை. வெறும் வயித்தோட வரிசைல நிக்கக் கூடாது, கேட்டியா."

அவள் போதும் போதும் என்று இலையை மறைக்க, அம்மா கையை விலக்கிவிட்டு இரண்டாம் தடவையும் தயிர்சாதம் வைத்தாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அம்மா அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாப்பிட்டவர்களை நாம் வரிசையில் கொண்டுபோய் விட்டோம். மதியத்துக்குள் அவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். முதலில் வந்தது சேலத்துப் பெரியவர் ஒருவர். "அங்க ஒருத்தர் கையை வாய்கிட்ட கொண்டுபோய்க் காட்டிக் கேட்டாருங்க. வயிறு நிறையச் சாப்பிட்டாச்சுன்னு தட்டிக் காட்டினேன். போன்னு அனுப்பிட்டாரு. இன்னும் கொஞ்சம் சாப்பிட்டு வரச் சொல்றாரோ என்னமோ" என்று இலை முன்னால் உட்கார்ந்தார்.

தலைவர் மாமாவின் முகம் மாறியது. வேகமாக உள்ளே போனார். மெதுவாகத் திரும்பி வந்தார்.

"வெறும் வயித்துலதான் விழுங்கணுமாம்" என்றார். "சாப்பிட்டவங்க பல மணி நேரம் கழிச்சுத்தான் வரணுமாம். தெலுங்குல, ஹிந்தில எல்லாம் எழுதிப் போட்டிருக்கான். நாமதான் படிக்கல."

செயலாளர் ஆன்ட்டி கையில் கரண்டியோடு நின்றார். அது முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது. அம்மா அந்தக் கோவில்பட்டிக்காரியைப் பார்த்தாள். இரண்டாம் தடவை பரிமாறியது அம்மாதான்.

தலைவர் மாமா தொப்பியைக் கழற்றினார். பெஞ்சின் மேல் ஏறப் போனார், பிறகு வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, தரையிலேயே நின்று பேசினார். "தப்பு எங்களோடது. நீங்க நம்பி வந்தீங்க, நாங்க கெடுத்துட்டோம். மருந்து ராத்திரி வரைக்கும் குடுப்பாங்க. உங்க வயிறு காலியாகுற வரைக்கும் இங்கயே நிழல்ல உக்காருங்க. எங்கள்ல ஒருத்தரும் சாப்பிட மாட்டோம். உங்கள்ல கடைசி ஆள் விழுங்கின பிறகுதான் நாங்க இலை போடுவோம்."

"தாத்தா, பூக் லக்ரீ" என்று பசி தாங்காமல் பேத்தி அவர் சட்டையை இழுத்தாள்.

"நக்கோ" என்றார் அவர். அண்டாக்களை மூடி ஈரத் துணி போட்டார்கள். துணிக்குள்ளிருந்து பெருங்காய வாசனை வந்துகொண்டே இருந்தது. அதுதான் உங்களுக்கு நினைவிருக்கும் பசி.

மற்றவர்களால் காத்திருக்க முடிந்தது. கோவில்பட்டிக்காரியால் முடியாது. அவளுக்கு அன்று சாயங்காலமே வண்டி. எப்படி அவசரப்பட்டாலும், வயிறு காலியாகி, வரிசையில் திரும்ப நின்று மருந்து வாங்குவதற்குள் வண்டி போய்விடும்.

"நாளைக்கு வண்டியில பாக்கலாமா?" என்று அப்பா கேட்டார்.

"ஜூன் மாசம் தம்பி. வெயிட்டிங் லிஸ்ட் கிலோமீட்டர் கணக்குல இருக்கும்" என்றார் தலைவர் மாமா. "முன்பதிவு இல்லாத பெட்டியில இந்தக் குழந்தைய ஏத்துறதா? அதுல மூச்சு நல்லா இருக்கிறவனுக்கே திணறும்."

அவள் டிக்கெட்டை ரவிக்கையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தாள். "பரவால்லய்யா. நாங்க இப்படியே போயிருதோம். நீங்க என்ன வேணும்னா செஞ்சீக? பசிக்குமேன்னுதான போட்டீக. அடுத்த வருசம் லீவு தந்தாகன்னா வாரோம்" என்றாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் எங்களைச் சமாதானப்படுத்தினாள். அவள் மகள் ஸ்வெட்டர் நுனியை முறுக்கிக்கொண்டு மீன் பையைப் பார்த்தபடி இருந்தாள். மீனைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

அம்மா கோவில்பட்டிக்காரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "பிள்ளைக்கு எத்தன வயசு?" என்றாள்.

"ஒம்பதுக்கா."

"உனக்கு?"

"எனக்கு என்ன, ஒரு முப்பது முப்பத்தொண்ணு இருக்கும்."

அம்மா என்னைப் பார்த்தாள். அளவெடுப்பது போல அந்தச் சிறுமியையும் பார்த்தாள். "சரியாத்தான் இருக்கு" என்றாள். "நாளைக்குச் சாயங்காலம் எங்களுக்கு ரெண்டு பெர்த் இருக்கு. மெட்ராஸ்ல எறங்கி தூத்துக்குடி வண்டி. கோவில்பட்டில நிக்கும்லா? அதுல நீங்க போங்க."

"அக்கா, அப்ப நீங்க?"

"எங்களுக்கு என்ன அவசரம்? அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்."

பக்கத்தில் பேத்தி என் கையைப் பிடித்தாள். 'அடுத்த மாசம்' அவளுக்கும் அர்த்தமாகியிருந்தது.

தலைவர் மாமா இரண்டு கைகளையும் ஆட்டினார். "நக்கோம்மா, நக்கோ! சட்டப்படி தப்பு. அடுத்தவங்க டிக்கெட்டுல போறவனை முப்பது வருஷம் தேடித் தேடி எறக்கி விட்டவன் நான். என் முன்னாடியே பேசுறியே!"

"அப்ப நீங்க கொஞ்சம் அங்கிட்டுப் போங்கண்ணே. நாங்க பேசிக்கிடுதோம்" என்றாள் அம்மா.

அவர் அம்மாவைப் பார்த்தார், அந்தப் பெண்ணின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார். பிறகு நிஜமாகவே பந்தலுக்கு வெளியே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் வரிசை எங்களை உள்ளே கொண்டுபோனது. மழை தூறத் தொடங்கியிருந்தது. பையின் முடிச்சை அவிழ்த்ததும் அந்தப் பெண் வாயை இறுக மூடிக்கொண்டாள். தனக்கு வெல்லம் போதும் என்று பல்லுக்கு இடையே சொன்னாள்.

"மீனுக்காகத்தான இம்புட்டுத் தூரம் வந்தோம், தாயி" என்று அவள் அம்மா கெஞ்சினாள்.

"உள்ள போய்க் கடிக்குமா?" என்று அவள் என் அம்மாவைக் கேட்டாள்.

"அதுக்கு இருட்டுன்னா பயம் மக்கா. சும்மா இருந்துக்கிடும்" என்றாள் அம்மா. "மூக்கைப் பிடிச்சுக்கோ. கடல்ல முங்கும்போது பிடிப்போம்லா, அப்படி."

கோவில்பட்டியில் கடல் இல்லை. ஆனாலும் அவள் பிடித்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து சைவமான செயலாளர் ஆன்ட்டி கண்களை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கைகளாலும் அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். வெள்ளியாய் ஒரு மின்னல், ஒரு விக்கல். அவ்வளவுதான். "போயிருச்சு" என்றாள் அந்தப் பெண், ஆச்சரியத்தோடு.

"போயிடுத்தா? நான் கண்ணைத் தொறக்கலாமா?" என்றார் ஆன்ட்டி. நாம் எல்லாரும் சிரித்தோம்.

"டாக்டர் தந்த மாத்திரைய இதுக்காக நிறுத்திராத, என்ன?" என்று அம்மா கோவில்பட்டிக்காரியிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கடைசியாக விழுங்கியவர் சேலத்துப் பெரியவர். அவர் வெளியே வந்து, "இப்பவாவது சாப்பிடுங்க சாமி" என்று கும்பிட்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் இலை போட்டோம். காலையில் கிளறிய புளியோதரை அதற்குள் நன்றாக ஊறியிருந்தது. அம்மாவும் செயலாளர் ஆன்ட்டியும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள், இலை தீர்ந்துபோனதால். அன்றிலிருந்துதான் அந்த வழக்கம். யாரும் தீர்மானம் போடவில்லை, எங்கும் எழுதி வைக்கவில்லை. அடுத்த வருடம் பந்தலில் தலைவர் மாமா சாப்பிடாமல் நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். வரிசைக்குப் போகும் முன் யாருக்கும் சாப்பாடு கிடையாது என்பதும், விதிமுறைகளைத் தமிழில் எழுதி வாசலிலேயே மாட்டுவதும் அப்போது வந்தவைதான்.

அன்று ராத்திரி கோவில்பட்டிக்காரியும் மகளும் எங்களோடு கொண்டாப்பூர் வந்தார்கள். மறுநாள் காலை என் அம்மா பரணில் ஏறினாள். பிஸ்கட் டின்னை இறக்கி, துணியை அவிழ்த்து, ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்து, கருவாடு வறுத்தாள். எதிர்பார்த்தபடியே வாட்ச்மேன் வந்து வாசலில் நின்றார். அம்மா கரண்டியோடு கதவுக்குப் போனாள். "ரண்டி. தினண்டி" என்றாள். வாங்க, சாப்பிடுங்க. அவள் பேசிய முதல் தெலுங்கு அது. எங்கே கற்றாள் என்று தெரியவில்லை. முதல் நாள் மைதானத்தில் காதில் விழுந்திருக்க வேண்டும். வாட்ச்மேன் செருப்பைக் கழற்றினார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பால்கனிக்குப் போய்ப் பாறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். மறுக்காமல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது அம்மாவுக்குச் செய்த உதவி என்று அவர் நினைத்திருந்தார். தன்னை இங்கே நிறுத்தி வைத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை என்று அம்மா நினைத்திருந்தாள். இதை அவர்கள் என்னிடம் சொன்னதில்லை. எனக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும் இந்த வயதில்தான் எனக்கே தெரிகிறது. வீட்டார் எல்லாரும் அம்மாவுக்கு ஊர் ஏக்கம் என்றோம். அவளுக்கு வேண்டியிருந்தது தன்னிடம் யாராவது ஒரு வேலையைக் கேட்பது.

சாயங்காலம் செகந்திராபாத் ஸ்டேஷன். தலைவர் மாமா முன்கூட்டியே வந்து பிளாட்பாரத்தில் நின்றார். அந்தப் பெண்ணை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, எதிரே நின்று, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். பழைய டி.டி.ஆர். குரல் வந்தது.

"பேர் என்ன?"

அவள் என் பெயரைச் சொன்னாள்.

"அப்பா பேர்?"

என் அப்பாவின் பெயர்.

"எந்த ஸ்கூல்?"

அவள் விழித்தாள். நான் தூத்துக்குடியில் படித்த பள்ளியின் பெயரை அவள் காதில் சொன்னேன். அவள் திரும்பச் சொன்னாள்.

"இன்னொரு தடவை. வேகமா கேப்பேன். பேர் என்ன?"

இந்த முறை அவள் தடுமாறவே இல்லை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், பரவாயில்லையா என்று கேட்பது போல. நான் தலையாட்டினேன். தலைவர் மாமா பையிலிருந்து ஒரு அழைப்பிதழ்த் துண்டை எடுத்து, இடுக்கியால் ஒரு ஓட்டை போட்டு அவளிடம் கொடுத்தார். "பாஸ்" என்றார். "இப்ப நான் வீட்டுக்குப் போறேன். நான் எதையும் பாக்கல." போகவில்லை. ஒரு தூணுக்குப் பின்னால் வண்டி கிளம்பும் வரை நின்றார்.

அவளும் அவள் அம்மாவும் ஜன்னல் வழியே கையாட்டினார்கள். என் பெயரோடு, என் படுக்கையில், என் ஊர் வழியாக ஒருத்தி தெற்கே போனாள். அவளை நான் பிறகு பார்த்ததில்லை. மழை தொடங்கும்போதெல்லாம் அவள் மூச்சு எப்படி இருக்கிறதோ என்று நினைத்துக்கொள்கிறேன். நான் இங்கேயே வளர்ந்ததற்கு, உங்களோடு கேரம் ஆடியதற்கு, இந்த மலருக்கு எழுதுவதற்கு அவளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அவளுக்கும், கேட்காமல் சமைத்துப் போட்ட நம் பெரியவர்களுக்கும்.

வெளியே வந்து கொண்டாப்பூர் பஸ்ஸில் ஏறினோம். அதுவரை எப்போதும் அப்பாதான் டிக்கெட் வாங்குவார். கண்டக்டர் வந்து, "எக்கடிக்கி?" என்று போகும் இடம் கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பினாள்.

"கொண்டாப்பூர்" என்றாள். "ரெண்டு ஃபுல்லு, ஒரு ஹாஃபு."